மஞ்சக் கல்லும் ஆயிரம் நம்பரும்

போன மாதம் இந்தப் பக்கத்தில், அப்பா விட்டுப்போன சவரக்கத்தியால்தான் இன்னமும் முகம் மழிக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. பொடுகுக்கும் நரைக்கும் கேள்வி கேட்டிருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த மாதம். இந்த மாதம் முழுக்கக் கத்தியும் கல்லும்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் திருச்சி பாலக்கரைப் பக்கம் முப்பத்தாறு வருஷம் சலூன் வைத்திருந்தவன். எனக்கு முன்னால் அப்பா. அவருக்குக் கடை கிடையாது. அடப்பப் பெட்டியை, அதாவது சவரச் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்.

ஜெர்மனியில் செய்த மடக்குக் கத்தி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டு தடவை சவரம் செய்ததில் முகம் எரிகிறது. 12000 நம்பர் கல்லில் தீட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். கல்லின் விலை ஏறக்குறையக் கத்தியின் விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா?
— ஐ.டி. ஊழியர், கோவை

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பணத்தை எடுத்துவைத்திருந்தால் மறுபடி உள்ளே வையுங்கள்.

முதலில் கத்தியின் வாய் என்றால் என்ன என்று பார்ப்போம். சவரக்கத்தியின் அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஓரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு தெரியும். அப்பா அதைப் ‘பட்டை’ என்பார். அந்தப் பக்கம் ஒரு பட்டை, இந்தப் பக்கம் ஒரு பட்டை. இரண்டும் சந்திக்கிற கோடுதான் வாய். சந்திக்கவே இல்லை என்றால் அங்கே வாயே இல்லை. அதற்கு மேல் எத்தனை மெருகு ஏற்றினாலும், கதவு இல்லாத நிலைக்கு வார்னிஷ் அடித்த கதைதான்.

கல்லின் நம்பர் ஏற ஏற அதன் துகள் பொடிசாகும். இரண்டு பட்டையையும் சந்திக்க வைப்பது 1000 நம்பர் கல். 12000 கல்லுக்கு அந்த வேலை தெரியாது. ஜப்பான் கணக்கில் 1000 நம்பர் கல்லின் துகள் சுமார் 12 மைக்ரான், 4000 நம்பரில் 3 மைக்ரான், 8000 நம்பரில் 1.2 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் சுமார் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். 12000 கல் இன்னும் நுணுக்கம். அது இரும்பைத் தின்கிற வேகத்தில் ஒரு பட்டையைச் சரிசெய்ய நினைத்தால் தீபாவளிக்கு ஆரம்பித்துப் பொங்கலுக்கு முடிக்கலாம்.

ஆக, உங்கள் கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் கத்தியில் பட்டை சந்தித்திருக்கிறதா? அதைப் பார்க்கக் காசு வேண்டாம். ராத்திரி டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, கத்தி வாய் நேராக மேலே பார்க்கும்படி பிடியுங்கள். லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கூர் இருக்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது, வெறும் கறுப்பு. எங்காவது வெள்ளை இழையாக மினுங்கினால் அந்த இடம் மொண்ணை. வெளிச்சம் திரும்பி வருகிற அளவுக்கு அங்கே ஒரு பரப்பு இருக்கிறது என்று அர்த்தம். புதுக் கத்திகளில் குதிப்பக்கத்திலும் (கைப்பிடியை ஒட்டிய கோடி அது) நுனியிலும் இப்படி மினுங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும், கம்பெனியிலிருந்து வருகிற கத்தி நேராக முகத்துக்குப் போகிற பதத்தில் இருப்பது அபூர்வம்.

மினுங்கினால் வாங்க வேண்டியது 1000 கல். எட்டு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம் இருந்தால் கை தாராளமாக ஓடும். கல்லை நனைத்து, கத்தியைப் படுக்கப் போடுங்கள். முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் பட வேண்டும். சமையல் கத்தியைப் போல முதுகைத் தூக்கிப் பிடித்தால் தொலைந்தது. சவரக்கத்தியில் கோணத்தை நீங்கள் முடிவுசெய்வதில்லை, முதுகின் தடிமன் முடிவுசெய்கிறது. முதுகு 4.5 மில்லிமீட்டர், அலகின் அகலம் 16 மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் 16 டிகிரி சொச்சம். காய் நறுக்கும் கத்தியில் அது முப்பது, நாற்பது இருக்கும். கத்தி செய்தவன் அந்தக் கணக்கை முதுகிலேயே எழுதி அனுப்பியிருக்கிறான். நாம் முதுகை நம்பினால் போதும்.

வாய் முன்னால் போகிற மாதிரி தள்ளுங்கள், ஏதோ கல்லிலிருந்து மெல்லிசாக ஒரு ஏடு சீவி எடுப்பதைப் போல. கோடிக்குப் போனதும் முதுகைத் தரையாக வைத்துப் புரட்டி, திரும்ப இழுங்கள். வாயைத் தரையாக வைத்துப் புரட்டினால் அதுவரை செய்த வேலை அவ்வளவும் அந்த ஒரு புரட்டலில் போய்விடும். அழுத்தம் கத்தியின் எடையும் அதற்குமேல் ஒரு விரல் எடையும். தள்ளும்போதே குதியிலிருந்து நுனி வரை படுகிற மாதிரி கொஞ்சம் குறுக்காக இழுத்துப் போக வேண்டும். இது எழுத்தில் புரியாது. கத்தி கையில் இருந்தால் பத்து நிமிஷத்தில் புரியும்.

ஆரம்பிக்குமுன் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவால் பட்டையின் மேல் கோடு இழுத்துவிடுங்கள். நாலு தள்ளு தள்ளிவிட்டுப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கே கல் தொடுகிறது. எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே தொடவில்லை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா இல்லை, என் கடைக்கு வந்துகொண்டிருந்த பெல் தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவர். அப்பாவுக்கு மை தேவைப்படவில்லை. அவர் காதால் கேட்டார். பட்டை முழுசாகக் கல்லில் உட்கார்ந்துவிட்டால் ‘கரகர’ சத்தம் மாறி, பட்டுப்புடவை மடிக்கிற மாதிரி ஒரே சீராக வரும். கல்லின் மேல் நிற்கிற தண்ணீரும் கத்தி வாய்க்கு முன்னால் ஓடாமல், ஏறி அலகின் மேல் படரும். அது கண்ணால் பார்க்கிற அடையாளம். என் காது மந்தம் என்பதால் நான் தண்ணீரைத்தான் நம்புகிறேன்.

1000 கல்லிலேயே முன்கை முடியை மழிக்க வேண்டும். குதி, நடு, நுனி, மூன்று இடத்திலும். மழிக்கவில்லையா, மேல் கல்லுக்குப் போகாதீர்கள். இங்கே அவசரப்பட்டவர்கள்தான் அப்புறம் 12000, 16000 என்று கல் மாற்றிக் கல் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். மழித்துவிட்டால் 4000, அப்புறம் 8000. மேலே போகப் போகக் கை லேசாக வேண்டும். 8000 முடிந்த கத்தி முகத்துக்குப் போதும். என் கடையில் வருஷக்கணக்காக அதற்கு மேல் போனதில்லை. 12000 என்பது, பாயசத்தில் முந்திரி. பாயசம் இருந்தால்தான் அதற்கு வேலை.

எந்தக் கம்பெனிக் கல் வாங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். எனக்கு எந்தக் கம்பெனியும் கல் அனுப்புவதில்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். நார்ட்டனில் ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 என்று ஒரே கல்லாக வருகிறது. தனியாக ஒரு 1000 கல்லையும் சேர்த்துக்கொண்டால் ஆயுசுக்குப் போதும். ஜப்பானின் நானிவா, ஷாப்டன் இரண்டுமே சுத்தமான கற்கள். ஷாப்டனை ஊறப்போட வேண்டாம், மேலே தண்ணீர் தெளித்தால் போதும். நானிவாவையும் தொட்டியில் ஊறவிட்டு மறந்துபோகாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில் மெதுவாகக் காயட்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும். கிங் 1000 நேர்மாறு. தண்ணீரில் போட்டுக் குமிழி அடங்குகிற வரை ஊற வேண்டும். பெயர் இல்லாமல் மலிவாக வருகிற 3000/8000 கல் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். மெருகு ஏறுகிற பக்கத்திலேயே எங்கிருந்தோ ஒரு முரட்டுத் துகள் வந்து, பட்டையில் நகக்கீறல் போல ஒரு கோடு. அந்தக் கல் இப்போது என் வீட்டு அரிவாள்மணைக்கு.

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. டியூப் லைட்டில் வெள்ளை இழை எங்கேயுமே தெரியவில்லை, முன்கை முடியும் பறக்கிறது என்றால் உங்கள் கத்தியில் குறை இல்லை. கையில் இருக்கிறது. கன்னத்தோடு கத்தி முப்பது டிகிரி சாய்வில் போக வேண்டும். பிளேடு ரேசர் பழக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் எந்தக் கத்தியும் எரிக்கும். நுரையையும் இன்னும் ஐந்து நிமிஷம் ஊறவிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரண்டு பக்கச் சாணைக்கல் என்னிடம் இருக்கிறது. உளிக்கு அதுதான். சவரக்கத்திக்கு ஆகாதா?
— தச்சர், கரூர்

ஆகாது ஆசாரியாரே. உளி மரத்தோடு பேசுகிறது, சவரக்கத்தி தோலோடு பேசுகிறது. அந்தக் கல்லின் மெல்லிசுப் பக்கமே சவரக்கத்திக்கு ஜல்லி ரோடு. வாயில் ரம்பப் பல் விழுந்துவிடும்.

உங்கள் உளிக்கு எண்ணெய் விட்டுத் தீட்டுகிறீர்கள் இல்லையா, அது அந்தக் கல்லுக்குச் சரி. ஆனால் எண்ணெய் குடித்த கல்லில் சவரக்கத்தியைக் காட்டாதீர்கள். நான் மேலே சொன்னவை எல்லாம் தண்ணீர்க் கற்கள். எண்ணெய் பட்டால் அடைத்துப்போகும்.

கல்லைப் பற்றிக் கேட்டதால், உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஒன்று சொல்கிறேன். அந்தக் கறுப்புச் சாணைக்கல்லை நம் ஆட்கள் ‘கார்பரண்டம் கல்’ என்பார்கள். சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சல் கம்பெனி பெயரும் அதுதான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் மின் உலையில் சிலிக்கான் கார்பைடு செய்தார். கையில் கிடைத்த படிகம் கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து, இரண்டையும் ஒட்டிக் கார்பரண்டம் என்று பெயர் வைத்தார். சரி, கொரண்டம்? அது நம் குருந்தம். குருந்தக்கல் என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான் இங்கிலீஷுக்குப் போய்க் கொரண்டம் ஆனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் இன்றும் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் அதே இனம்தான், நிறம்தான் வேறு. குருந்தத்தைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரம் செய்து சாணை பிடித்தது நம் ஊர் வழக்கம். வெளியூர் போன சொல் சூட்டுக்கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்து உங்கள் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறது.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. துரு இருக்கிறது. வாயில் அரிசி நுனி அளவு ஒரு பல் உடைந்திருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்துச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தரச் சொல்லலாமா? ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளத்தான், ஆனால் கூராக இருந்தால் நன்றாக இருக்கும்.
— ஆசிரியை, நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம் அம்மா. ஒரு தடவை நானே அந்தத் தப்பைச் செய்துவிட்டுத் தவித்திருக்கிறேன்.

1990 வாக்கில், அப்பாவிடம் இருந்த இரண்டு கத்திகளில் ஒன்றில் இப்படித்தான் பல் விழுந்தது. குழாயில் கழுவும்போது பித்தளை வாயில் இடித்துவிட்டேன். கல்லில் உட்கார்ந்து தேய்க்கச் சோம்பல். தெரிந்த பட்டறை ஒன்றில் கொடுத்தேன். ஊர், பேர் வேண்டாம், தப்பு என்னுடையது. சக்கரத்தில் இரண்டு நொடி வைத்தார்கள். பல் போய்விட்டது. ஆனால் வாயோரம் முழுக்க மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலம். கார்பன் எஃகு முந்நூறு டிகிரி வாக்கில் சூடேறினால் அந்த நீலம் வரும். சவரக்கத்திக்குப் பதம் கொடுக்கிற சூட்டுக்கு அது எவ்வளவோ மேலே. அதாவது, கொல்லன் கொடுத்த பதம் இறங்கிவிட்டது. அப்புறம் நான் எந்தக் கல்லில் தீட்டினாலும் அரைக் கன்னத்துக்கு மேல் கூர் நிற்கவில்லை. அப்பா கத்தியை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் கொடுத்து, “தையலுக்கு நூல் அறுக்க வச்சுக்கோ” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அலகு அவ்வளவு மெல்லிசு, சூடு போக வழியில்லை. அதனால் சக்கரம் கூடாது. துருவை முதலில் பாருங்கள். அலகின் நடுவில் இருந்தால் அழகுக் குறை மட்டும்தான். வாயோரத்தில் குழி விழுந்த துரு என்றால் தீட்டத் தீட்டப் புதுப்புதுக் குழி வெளிவரும். அந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

வாய் நல்லபடி இருந்தால், முதுகின் மேல் எலக்ட்ரீஷியன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். தாத்தா பிடித்த முதுகு தேயாமல் இருக்கும். டேப் ஒட்டினால் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும், பரவாயில்லை. ஆனால் ஆரம்பித்த பிறகு கடைசிக் கல் வரை அதே கணக்கு டேப் இருக்க வேண்டும். தேய்ந்தால் புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள். 1000 கல்லில் தண்ணீரோடு, பல் மறைகிற வரை. ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று நாள் சாயங்காலமும் ஆகலாம். அவசரம் ஒன்றும் இல்லையே.

என் கொள்ளுத்தாத்தா வைத்திருந்த தீட்டுக்கல் ஒன்று இருக்கிறது. மேலே வெண்ணெய் நிறம், கீழே கறுநீலம், இரண்டு கல்லை ஒட்டியது போல. இது என்ன கல்? விற்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.
— புதுச்சேரி வாசகர்

ஐயா, விற்காதீர்கள். யார் கேட்டாலும் விற்காதீர்கள்.

பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம் பெல்ஜியத்துக் கோட்டிக்கூல் கல்லுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆர்டென் மலைப்பகுதியில் வியெல்சால்ம், லியெர்னூ வட்டாரத்தில் மட்டும் மெல்லிய ஏடு ஏடாகக் கிடைப்பது. ஏடு மெல்லிசு என்பதால் உடையாமல் இருக்க அடியில் கறுப்புப் பலகைக்கல்லைச் சேர்த்து விற்பார்கள். சால்ம்ஷாதோ என்ற ஊரில் இந்தக் கல்லுக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். சவரக்கத்தி முகத்தை ஆண்ட காலத்தில் உலகம் பூரா நாவிதர் பெட்டிகளுக்கு இது போனது. பிரெஞ்சுக்காரன் இருந்த உங்கள் ஊருக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. இருக்கிறது என்றும் சொல்லலாம், பாதி. அப்பா அதை ‘மஞ்சக் கல்’ என்பார், அவருக்கு அது எந்த நாட்டுக் கல் என்றெல்லாம் தெரியாது. அவருடைய மாமா ஒரு துரை வீட்டில் வேலை செய்தபோது கிடைத்ததாம். 1979-ல், எனக்குப் பன்னிரண்டு வயசு. பெட்டியை ஒழுங்காக மூடாமல் தூக்கினேன். கல் திண்ணைப் படியில் விழுந்து சரிபாதியாக உடைந்தது. அன்றைக்கு வாங்கிய அடி அந்தக் கல்லைவிடக் கனம். ஒரு பாதியை அப்பா வைத்துக்கொண்டார். இன்னொரு பாதி சில்லுச் சில்லாகப் போனது. அதில் கட்டைவிரல் அளவு சில்லு ஒன்றை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்தக் கல்லின் சூட்சுமம் அந்தச் சில்லில் இருக்கிறது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள். நம் கோமேதகத்தின் பங்காளி, தூத்துக்குடி கன்னியாகுமரிக் கடற்கரையில் சிவப்பாக மின்னுகிற மணலுக்கும் சொந்தம். கல்லை நனைத்துச் சில்லால் தேய்த்தால் மணிகள் கழன்று பால் மாதிரி வரும். அப்பா ‘கல்லுப்பால்’ என்பார். பால் கெட்டியாக இருக்கும்போது கல் நன்றாக அறுக்கும். ஏழெட்டுத் தள்ளிலேயே பால் சாம்பல் நிறமாகும், அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. அப்புறம் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர். இருபது தள்ளு. இன்னொரு சொட்டு. இப்படிப் பாலை நீர்க்க நீர்க்க, கல் மெதுவாகிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் தண்ணீரில் மெருகு மட்டும் போடும். ஜப்பான்காரன் நாலு கல்லில் செய்வதை இது ஒரே கல்லில் செய்கிறது. என்ன, உங்கள் கண்ணும் கையும் கல்லோடு ஒத்துப்போக வேண்டும். எனக்கு ஒத்துவர ஆறு மாசம் ஆனது. பாலை அவசரப்பட்டு நீர்த்துவிட்டால் கத்தி பளபளக்கும், மழிக்காது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மணிகளின் அளவு 5 மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரைகூட இருக்கும். நம்பர் கணக்குப்படி பார்த்தால் இது முரட்டுக் கல்லாக இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மணியும் பன்னிரண்டு முகத்தோடு ஏறக்குறைய உருண்டை. ஆணி போலக் குத்தாமல் கோலிக்குண்டு போல உருளுவதால் கீறல் ஆழமாக விழுவதில்லை. கல்லின் நம்பரை மட்டும் பார்த்துக் கடன் வாங்கிக் கல் வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. நம்பரிலும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு: பெயிண்ட் கடையில் 2000 என்று கேட்டு வாங்குகிற வாட்டர் பேப்பரும் ஜப்பான் 1000 கல்லும் கிட்டத்தட்ட ஒரே பருமன்தான்.

உங்கள் கல்லுக்கு வருவோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவுங்கள். பெட்டியில் சின்னச் சில்லு ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

கல்லில் நடுவில் குழி விழுந்துவிட்டது. பரவாயில்லையா?
— பெயர் இல்லாத கார்டு, தபால் முத்திரை தேனி

பரவாயிருக்கிறது. குழி விழுந்த கல்லில் பட்டை ஒரு நாளும் நேராக உட்காராது. கனமான கண்ணாடித் துண்டு அல்லது சமையல் மேடைக் கிரானைட், அதன்மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பர், நிறையத் தண்ணீர். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தேயுங்கள். கோடு எல்லாம் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது. நடுவில் கோடு மிச்சமிருந்தால் அங்கேதான் குழி, இன்னும் தேய்க்க வேண்டும். விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். புதுக் கல்லுக்கும் முதல் நாளே இதைச் செய்யச் சொல்வேன்.

இடுப்பு பெல்ட்டில் தீட்டினால் போதாதா? பச்சை பேஸ்ட் தடவினால் கல்லே வேண்டாம் என்கிறானே நண்பன்?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

நண்பன் பாதி சரி. நல்ல வாய் இருக்கிற கத்திக்கு, தினம் கல் வேண்டாம்தான். துணி வாரில் இருபது, தோல் வாரில் ஐம்பது இழுப்பு இழுத்தால் கத்தி வாரக்கணக்கில், மாசக்கணக்கில் ஓடும். பச்சை பேஸ்ட் என்பது குரோமியம் ஆக்சைடு, அரை மைக்ரான் வாக்கில். கூர் மங்கும்போது பத்து இழுப்பு இழுத்தால் உயிர் வரும். ஆனால் அதையே நம்பிக் கல்லை மறந்தால் தோல் அமுங்கி அமுங்கி வாயோரம் உருண்டுபோகும். அப்புறம் மறுபடி கீழே இறங்கி வர வேண்டியதுதான்.

பெல்ட்டில் தையல் இருந்தால் கூடாது. வாரில் கத்தி எப்போதும் முதுகு முன்னால் போக வேண்டும், கல்லுக்கு நேர் எதிர். மறந்தால் பெல்ட்டும் போகும், இடுப்பில் கட்டியபடி செய்தால் வேறு ஏதாவதும் போகும்.

நான் சலூன் வைத்திருக்கிறேன். பழைய பாணியில் தீட்டிய கத்தியால் வாடிக்கையாளர்களுக்குச் சவரம் செய்தால் கூட்டம் வரும் என்று தோன்றுகிறது.
— சலூன் உரிமையாளர், சேலம்

வேண்டாம். ஒருவர் ரத்தம் பட்ட கத்தியை டெட்டாலில் முக்கி இன்னொருவர் முகத்தில் வைத்த காலம் போகட்டும். 90களின் பாதியில் எய்ட்ஸ் பயம் வந்தபோது, என் கடையிலும் பிளேடைப் பாதியாக ஒடித்துப் போடுகிற கத்திக்கு மாறினேன். ஆளுக்குப் புது பிளேடு. ஒரு வாரம் கை ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். கூட்டம் வர வேறு வழி பாருங்கள். தீட்டிய கத்தி உங்கள் முகத்துக்கு மட்டும்.

என் அப்பாவும் நாவிதர்தான். உள்ளங்கையிலேயே கத்தி தீட்டுவார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோதே இறந்துவிட்டார், பார்த்த ஞாபகம் இல்லை. அது நிஜமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?
— வாசகர், கும்பகோணம்

நிஜம் தம்பி. கல்லில் பட்டை போட்டு, வாரில் இழுத்து, கடைசியாக உள்ளங்கையில் பத்து இழுப்பு. தோல் வாருக்கு மேலே உள்ளங்கை. சூடும் லேசான எண்ணெய்ப் பசையும் அதில் இருக்கிறதே. முதுகு முன்னால் போகணும், கோடியில் முதுகின் மேலேயே புரளணும், வார் மாதிரியேதான். அந்தக் காலத்துக்காரர்கள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, கத்தியைப் பார்க்காமலே செய்வார்கள்.

என் அப்பாவுக்கு இடது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே மேட்டில், தோல் செருப்பு அடி மாதிரி பளபளவென்று ஒரு திட்டு இருக்கும். சின்ன வயசில் அதைத் தடவிப் பார்ப்பேன், வழுவழு என்று இருக்கும். உங்கள் அம்மாவோ அத்தையோ இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள்: இடது கையில், சுண்டுவிரல் பக்கம். வலது கைக்காரர் என்றால் அங்கேதான் இருந்திருக்கும்.